பீரங்கி அறையில் குடித்தனம்

கடற்கரை மேட்டிலுள்ள பழைய இராணுவப் பங்கரைக் காட்சிக்கூடம் ஆக்கப்போகும் சேதி தையல்காரிக்குத் தொழில் வழியாகத்தான் வந்தது. உள்ளே நிறுத்தவிருக்கும் சிப்பாய்ப் பொம்மைகளுக்கு அந்தக் காலத்துச் சீருடை தைக்க வேண்டும் என்று அதிகாரி ஆள் அனுப்பியிருந்தார். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். தாழ்ந்த வாசலில் யாரும் சொல்லாமலே தலை குனிந்தது. அவள் பிறந்து வளர்ந்ததே அந்த அறையில்தான்.

போர் மூண்டபோது, பீரங்கிக்குக் குறுக்கே நிற்கிறது என்று மேட்டடியில் இருந்த வீடுகளை இராணுவம் இடித்தது. சண்டை ஓய்ந்ததும் கட்டித் தருகிறோம் என்றார்கள். எதிரி வேறெங்கோ கரையிறங்கினான். இங்கிருந்து ஒரு குண்டுகூடப் போகவில்லை. போர் முடிந்ததும் பீரங்கியைக் கழற்றிப் பத்திரமாகக் கொண்டுபோனவர்கள், கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டார்கள். போக்கிடம் இல்லாத அப்பா, எந்தப் பங்கருக்காக வீடு போனதோ அதே பங்கருக்குள் மனைவியோடும் மகனோடும் குடிபுகுந்தார். பீரங்கி நீட்டியிருந்த சுவர்த் துளைக்கு அடியில் அம்மா அடுப்பு மூட்டினாள். காற்று திரும்பினால் புகை முழுக்க உள்ளேதான். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும். அந்த ஈரம் நெஞ்சில் இறங்கித்தான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

இப்போது இரண்டு ஆட்கள் துளையைச் சுற்றியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆக்கிரமிச்சு உட்கார்ந்தவங்க பண்ணின நாசம்மா. சரித்திரத்தையே கரியாக்கிட்டாங்க" என்றார் அதிகாரி.

"அது எங்கம்மா அடுப்பு சார்."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. நல்ல மனிதர்தான், மன்னிப்புக்கூடக் கேட்டார். அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நாங்கள் இருந்ததையும் வாசல் பலகையில் ஒரு வரி எழுதுங்கள் என்றாள்.

"நீங்க மட்டும் சொன்னா எடுபடாதும்மா. உங்க அண்ணனும் வந்து சொல்லட்டும், மேலே பேசிப் பார்க்கிறேன்."

அண்ணன் மரக்கடை வைத்து நன்றாக இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கடைப் பையன்களுக்குக் கேட்காதபடி அவளைப் பலகை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குழிக்குள்ள கிடந்தோம்னு போர்டு வேற போடணுமா? உங்க அண்ணி வீட்டுல இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"வீட்டை இடிச்சப்புறம் எங்க இருந்தீங்கன்னு அண்ணி கேட்கவே இல்லையா?"

"கேட்டா. சித்தப்பா வீட்டுலன்னு சொன்னேன்."

அவர்களுக்குச் சித்தப்பாவே கிடையாது.

சீருடைகளை அவள் குறையில்லாமல் தைத்துக் கொடுத்தாள். ஆள் மேல் உள்ள கோபத்தைத் துணி மேல் காட்டிப் பழக்கமில்லை.

திறப்பு நாளில் கூட்டத்தோடு கூட்டமாகப் போனாள். பீரங்கி வந்த தேதி, அதன் எடை, காவலிருந்த தளபதியின் பெயர் எல்லாம் பலகையில் இருந்தன. கடைசி வரி: "போருக்குப் பின் பயன்பாடின்றிக் கிடந்தது."

உள்ளே அண்ணன் நின்றிருந்தான், பக்கத்தில் அவன் மருமகன். அவளுக்கு முதுகைக் காட்டியபடி மருமகன் கேட்டான்: "இதுக்குள்ள மனுஷன் ஒரு ராத்திரி இருக்க முடியுமா மாமா?"

"எலிதான் இருக்கும்" என்றான் அண்ணன்.

"அதுல ரெண்டு எலி இங்கதான் நிக்குது மாப்பிள்ளை" என்றாள் தையல்காரி.

மருமகன் திரும்பி அவளைப் பார்த்தான், பிறகு மாமனாரைப் பார்த்தான். அண்ணன் சத்தமாகச் சிரித்தான்.

"என் தங்கச்சிக்கு எப்பவும் விளையாட்டுதான்."

மருமகனும் சிரித்தான். விவரம் தெரியாமலே பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரும் சிரித்தார். மருமகன் அடுத்த அறைக்குப் போனதும் அண்ணன் பொம்மையின் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தான்.

"தையல் நல்லா வந்திருக்கு" என்றான் தணிந்த குரலில்.

அவள் வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. காரணம் புரியாத அண்ணி இரண்டு முறை தைக்கத் துணி கொடுத்தனுப்பி, வந்துவிட்டுப் போகச் சொன்னாள். துணியை மட்டும் தைத்து, வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினாள்.