இடது பக்கம் மந்தம்

இஜாஸ் பாய் வாயைத் திறக்கும்வரை அந்த வாட்ஸ்அப் குழுவில் எந்த இயர்போனைப் பற்றியும் யாரும் முடிவாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் எடுபடாது. திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சிதறிக் கிடக்கும் நாற்பது பேரின் குழு அது. எல்லோரும் தினம் இரண்டு மணி நேரம் மின்சார ரயிலில் கழிப்பவர்கள், விலையுயர்ந்த இயர்போன்களின் மேல் பைத்தியம் பிடித்தவர்கள். ஐ.இ.எம். என்றுதான் சொல்வார்கள். வெறும் இயர்போன் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். எதில் பேஸ் என்னும் அடியோசை கட்டுக்கோப்பாக நிற்கிறது, எதில் வழிந்து ஓடுகிறது, எதில் பாடகியின் குரல் முன்னால் வந்து உட்காருகிறது என்று இஜாஸ் எழுதினால் அதுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

பிழைப்புக்கு அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் ஹாமர் ஆபரேட்டர். சிவக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் டன் கணக்கில் சுத்தியல் வந்து இறங்கும் இடம். பதினோரு வருஷமாக அங்கே நிற்கும் காதா இசையைப் பிரித்துப் பார்க்கிறது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. சத்தத்தைத் தடுக்கக் கம்பெனி கொடுத்த மஞ்சள் ஸ்பாஞ்சை அவர் ஒருநாளும் காதில் வைத்ததில்லை. தன் ஐ.இ.எம்.மை இறுக்கமாகச் செருகி, மேலே ஹெல்மெட்டைப் போட்டு மறைத்து, பாட்டை ஓடவிட்டுத்தான் வேலை. "வெளிச்சத்தம் ஒரு சொட்டு உள்ள வராது" என்று பெருமையடித்துக்கொள்வார். சுத்தியலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அதை எவ்வளவு சத்தமாக வைக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பெரிய விலையில் ஒன்றை வாங்கினால் அது சுற்றுக்கு விடப்படும். ஆளுக்கு ஆறு நாள். திருவள்ளூரில் வங்கியில் வேலை பார்க்கும் ஹெலன் இந்தத் தடவை வாங்கியது ஒரு நல்ல பைக்கின் விலை. அதைக் கூரியரில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு ரயில் பாதைகளும் பேசின் பிரிட்ஜில் சேர்கின்றன அல்லவா, அந்த நடைமேடையில்தான் கைமாறும். பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டும் கூடவே போகும். கேட்டவர் தன் கருத்தை அதில் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை முந்தைய ஆள் எழுதியதைப் படிக்கக் கூடாது. ஒருவர் காது இன்னொருவர் காதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஹெலன் போட்ட விதி.

இஜாஸ் நான்கு நாள் கேட்டுவிட்டு எழுதினார்: "பேஸ் அருமை. குரல் அருமை. ஆனால் இடது பக்கம் மந்தம். மேல் ஓசைகள் செத்துவிட்டன. பொருள் பழுது." அதற்கப்புறம்தான் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். மூன்று பேரும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கண்ணாடி மாதிரித் தெளிவு என்று எழுதியிருந்தார்கள். மூன்றாமவன் ஹேமநாத். செவ்வாப்பேட்டைக்காரன், அம்பத்தூரில் லேத் ஓட்டுபவன், குழுவுக்கே புதிது. அவனிடமிருந்துதான் பெட்டி இஜாஸ் கைக்கு வந்தது. அப்படியானால் கெட்டது யாரிடம்? இஜாஸுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

போன வருஷத்தில் மட்டும் மூன்று வெவ்வேறு கம்பெனிப் பொருள்கள் அவருக்கு இடது பக்கம் மந்தமாகத்தான் கேட்டிருந்தன. சாதாரண மனிதனுக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்கும். இஜாஸுக்கும் வந்தது, கம்பெனிகளின் மேல். இப்போதெல்லாம் எவனும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று அதையும் குழுவில் எழுதினார். நாற்பது பேரும் ஆமாம் போட்டார்கள்.

"ஹேமநாத் கையில் இருந்தபோது இடது பக்கத்தில் ஈரம் இறங்கியிருக்கிறது" என்று அவர் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் ஹேமநாத்தின் பெயர் சுற்றுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் ஹேமநாத் நின்றிருந்தான். லீவு போட்டுவிட்டு இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்த இஜாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பாய், கோச்சிக்காதீங்க. நீங்க சொல்ற வரைக்கும் எனுக்கு ஒண்ணுமே தெர்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அதான் பேஜாரா கீது."

"வேர்வையோட மாட்டிக்கினியா?"

"ட்ரெயின்ல ஒரே கூட்டம் பாய். கொஞ்சம் வேர்த்திருக்கும்."

"அப்ப அதான் நைனா. வேற இன்னா."

ஹேமநாத் தலையாட்டினான். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தான். அவனுடைய சொந்த ஐ.இ.எம். போன தீபாவளிக்கு வாங்கியது, அவன் வைத்திருந்த ஒரே நல்ல பொருள்.

"இத நீங்களே வச்சிக்கோங்க. கெட்டுப்போனது கூடத் தெரியாத காது எனுக்கு. இது எனுக்கு இன்னாத்துக்கு? குரூப்ல இருந்தும் போய்டறேன்."

அந்த இடத்தில் இஜாஸ் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தார். "காது பழகணும்பா. ஒரு வருஷம் சும்மா கேளு, அப்பால வந்து வாங்கிக்க" என்று பெரிய மனிதர் தோரணையில் சொல்லிவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹேமநாத் டீயைக் குடிக்காமலேயே ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

வெள்ளிக்கிழமை இஜாஸுக்கு வார விடுமுறை. ஜும்மா முடிந்து வந்து, ஹெலனிடம் திருப்பிக் கொடுக்கப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய இறாலை உரித்துவிட்டுக் கை கழுவிய மனைவி முபீனா, முந்தானையில் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத ஒரு தபா நானும் கேக்கட்டுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. வேறு நாளாக இருந்தால் உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும் என்றிருப்பார். கெட்டுப்போன பொருள்தானே என்று மாட்டிவிட்டார். எதைச் சோதிப்பதானாலும் முதலில் போடும் ஒரு பழைய பாட்டை ஓடவிட்டார்.

முபீனாவின் முகம் மலர்ந்தது. "இன்னாங்க இது! யாரோ சலங்க கட்டிக்கினு காதாண்ட நடக்கற மாதிரி கீது."

"எந்தக் காதாண்ட?"

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

இஜாஸ் அவசரமாக வாங்கித் தன் காதில் வைத்தார். புல்லாங்குழல் வந்தது. வலது பக்கம் தபலா வந்தது. இடது பக்கம் சலங்கை வரவில்லை. அந்தப் பாட்டில் அங்கே சலங்கை உண்டு என்பது அவருக்குத் தெரியும். ரொம்ப நாளாக அவர் அதைக் கேட்கவில்லை, ஞாபகத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பிறகு எந்தக் கத்துக்குட்டியும் முதலில் செய்திருக்கக் கூடிய ஒன்றைச் செய்தார். இடது பக்கத்துக்கானதைத் தலைகீழாகத் திருப்பி வலது காதில் வைத்தார். சலங்கை ஒலித்தது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, ஹேமநாத் எழுதியிருந்தது போலவே கண்ணாடி மாதிரி ஒலித்தது. வலது பக்கத்துக்கானதை இடது காதில் வைத்தார். தபலா மேல் யாரோ போர்வையைப் போட்டுவிட்டது போலிருந்தது.

ஹாமர் அவருக்கு இடது பக்கத்தில்தான் நிற்கிறது.

"இன்னாங்க ஆச்சு?"

"காது போச்சு முபீனா."

அவள் பதறவில்லை. "இந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா நீங்க திரும்பறதே இல்ல. பாட்டுல கீறீங்கன்னு நெனச்சேன். காதுல ஒண்ணும் இல்லாதப்பவும் அப்படித்தான். கோவத்துல பேச மாட்டேங்கறீங்கன்னு நானா நெனச்சிக்கினேன்."

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குக் காது சோதிக்கும் வேன் வரும். உள்ளே உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கும் பெண்ணின் முழங்கை தெரியும். முழங்கை அசையும்போதெல்லாம் அழுத்திவிட்டால் ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்து சூடாக டீ குடிக்கலாம். ஹாமர் ஷாப் மொத்தமும் அப்படித்தான் பாஸாகிறது. அந்த வித்தையை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே இஜாஸ்தான்.

மூன்று மணிக்கு ஹெலனிடமிருந்து செய்தி வந்தது. சர்வீஸுக்கு அனுப்பப் போகிறாராம். சில சமயம் ஈரம் தானாகக் காய்ந்து சரியாகிவிடுவதும் உண்டாம். இஜாஸ் அதை நாலைந்து தடவை படித்தார். காய்ந்துவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயர் அப்படியே இருக்கும், பொருளும் தப்பிக்கும். ஹேமநாத் மட்டும் தன் காது மட்டமான காது என்று நம்பிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டுவான். அவனுடைய டப்பா ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க இஜாஸ் முகத்தைத் திருப்ப முயன்றார், முடியவில்லை.

நோட்டை எடுத்துத் தன் தீர்ப்பின் மேல் கோடு போட்டார். கீழே எழுதினார்: "பொருளில் பழுது இல்லை. பழுது என் இடது காதில். ஹேமநாத் எழுதியது சரி." அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

வரிசையாக இதயங்கள் வந்து விழுந்தன. "பெரிய மனசு பாய்" என்றான் ஒருவன். "சின்னப் பையனைக் காப்பாத்த தன் காதையே பழி சொல்றாரு பாருங்க" என்றார் இன்னொருவர். நாற்பது பேரில் ஒருவர் கூட நம்பவில்லை. ஹேமநாத்திடமிருந்து குரல் பதிவு வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். "எனுக்காக உங்க பேர நீங்களே கெடுத்துக்காதீங்க பாய். தப்பு என் மேலதான். வாணாம் பாய்."

பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். இப்போது உண்மையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இஜாஸ் ஹேமநாத்தைப் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பேசின் பிரிட்ஜுக்கு வா என்று மட்டும் சொன்னார்.

நடைமேடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இஜாஸ் ஹேமநாத்தின் டப்பாவை அவன் மடியில் வைத்தார்.

"உன் செட்டுலயே டெஸ்ட் பண்ணு. போன்ல டோன் போடற ஆப் கீது இல்ல, அதுல ஊசியாட்டம் கீச்சுன்னு வர்ற மேல் சத்தமா வச்சிக்கோ. கேட்டா வெரல தூக்கறேன். கண்ண மூடிக்கறேன், உன் கையப் பாக்க மாட்டேன்."

"இன்னாத்துக்கு பாய் இதெல்லாம்?"

"பண்ணு நைனா."

முதலில் வலது காது. ஊசி மாதிரி ஒரு சத்தம் வந்தது, விரலைத் தூக்கினார். மறுபடி வந்தது, தூக்கினார். "கரெக்டா கீது பாய்" என்றான் ஹேமநாத், சந்தோஷமாக. அடுத்து அதையே கழற்றி இடது காதில் செருகிக்கொண்டார். கண்ணை மூடினார்.

பெஞ்சு அதிரக் கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்று போனது. சுண்டல் விற்கிறவர் கூவிக்கொண்டு கடந்து போனார். இஜாஸ் விரலைத் தயாராக முழங்கால் மேல் வைத்திருந்தார். பையன் ஆப்பில் எதையோ தேடித் தடுமாறுகிறான் என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"போடு நைனா. இன்னா இவ்ளோ நேரம்?"

கண்ணைத் திறந்தார். ஹேமநாத்தின் கட்டைவிரல் சத்தத்தைக் கூட்டும் பொத்தானின் மேல் அழுந்தியிருந்தது. அளவுக் கோடு உச்சத்தில் நின்றது.

"மொதல்லேர்ந்து ஓடிக்கினுதான் கீது பாய்" என்றான் அவன். மெதுவாகக் கையை நீட்டி அதை அவர் காதிலிருந்து எடுத்தான்.