துண்டு தராத ஆள்

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்த பெண்கள் பதினாறு பேர், வங்கியின் காசு மெசினுக்கு முன்னால் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எல்லோர் தலையிலும் கோதுமை மாத் தூள். துறைமுகப் பண்டகசாலையில் மாச் சாக்குக்கு வாய் தைக்கிறவர்கள் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவால் போன ஓட்டோக்காரன் ஒருவன், "கிழவியளின்ர ஊர்வலம் எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனான். வேறொரு நாளென்றால் புஸ்பராணி அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று அவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. இன்று அவள் தகரத்துக்குக் காசு எடுக்கப் போகிறாள்.

லிங்கநகரில் அவள் வீட்டுக்கு, சுனாமிக்குப் பிறகு கிடைத்த நீலத் தறப்பாள்தான் நாலு வருசமாகக் கூரை. போன மாரிக்கு அதில் பதினொரு ஓட்டை. இந்தச் சித்திரையிலிருந்து கூலியை வங்கியில்தான் போடவேண்டும் என்று துறைமுகத்தில் கட்டளை வந்தது. அதற்கு முன்பு, துறைமுகத்துக்குக் கூலியாட்களைக் கொடுக்கிற கொந்தராத்துக்காரரின் கிளாக்கர் தங்கத்துரை கடித உறையில் வைத்துக் கொடுப்பார். தேத்தண்ணிக் காசு, பாஸ் காசு, தைத்த சாக்குப் பிரிந்த காசு என்று ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். வங்கிக்கு வந்த கூலி முழுசாக வந்தது. ஆறு மாதத்தில் தகரம் வாங்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. புஸ்பராணிக்கே அது நம்ப முடியாமல் இருந்தது.

மெசினுக்குப் பக்கத்தில், வெளிர்நீலச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக ஒரு இளம் ஆள் நின்றான். "மெசின் கொஞ்சம் பழுதும்மா. கார்ட துடைச்சிட்டுத்தான் போடணும். குடுங்க, நானே எடுத்துத் தாறேன்" என்றான். மெசினில் இருந்த எழுத்து இங்கிலீசும் சிங்களமும். உதவிக்கு ஒரு ஆளை வைத்திருக்கிறார்களே என்று பெண்களுக்குச் சந்தோசம்.

வரிசையில் முதல் ஆள் அசனா. மூதூரிலிருந்து தினமும் கடல் கடந்து லோஞ்சில் வருகிறவள். அவன் கை நீட்ட, அவள் வங்கி அட்டையைக் கொடுத்தாள். தீப்பெட்டி அளவான ஒரு கறுப்புப் பெட்டியில் அட்டையை ஒரு இழுப்பு இழுத்தான். "நம்பர்?" என்றான். சொன்னாள். அவனே அமத்தி, கேட்ட காசை எடுத்து அட்டையோடு கொடுத்தான்.

அசனாவைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்து பண்டகசாலைக்கு வருவதற்குள் நாலு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுக்கிறவர்கள் அவர்கள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் திருகோணமலையில், கேட்டால் கொடுக்கவேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். கை தானாகவே நீளும்.

அடுத்தது புஸ்பராணி. அவளும் நீட்டினாள். ஆனால் அட்டையின் ஒரு மூலையை விடவில்லை. மற்றக் கையை விரித்துப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"துண்டு."

"என்ன துண்டு?"

"காட்ட வாங்கினா துண்டு தரோணும்தானே?"

துறைமுக வாசலில் அப்படித்தான். அடையாள அட்டை பின்னேரம் வரைக்கும் வாசலிலேயே இருக்கும். பதிலுக்கு நம்பர் எழுதிய ஒரு மட்டைத் துண்டு தருவார்கள். அந்தத் துண்டு இல்லாமல் அட்டையைத் திரும்ப எடுக்க முடியாது. அட்டை இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு கையில் துண்டு விழாமல் மறு கை அட்டையை விடுவதில்லை என்பது அங்கே வேலைசெய்கிறவர்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

அவன் சிரித்தான். "இது பேங்க் அம்மா. துண்டெல்லாம் இல்ல."

"அப்ப நான் என்னத்தக் காட்டித் திரும்ப எடுக்கிறது?"

"உடனே தந்திடுவேன்."

"வாசல்லயும் உப்பிடித்தான் சொல்லுவினம்."

அவன் இழுத்தான். அவளும் இழுத்தாள். பத்து வருசம் சாக்கு ஊசி பிடித்த விரல்கள் அவை. பின்னால் நின்றவர்களுக்கும் நியாயம் விளங்கிவிட்டது. "துண்டில்லாமக் குடுக்காத புஸ்பம்!" "எங்களுக்கும் துண்டு வேணும்!" "இவ்வளவு பெரிய பேங்க், ஒரு துண்டு அடிக்க ஏலாதோ?" அவன் கள்ளனாக இருக்கலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. வங்கியின் ஒழுங்கு சரியில்லை என்பதுதான் அவர்களின் முறைப்பாடு.

சத்தம் கேட்டு, சந்தி மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் திரும்பிப் பார்த்தான். நீலச்சட்டைக்காரன் அட்டையை விட்டான். "சரி சரி, துண்டு எடுத்திட்டு வாறேன்" என்றவன், வங்கிக் கதவுப் பக்கம் போகாமல் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பி நடந்தான்.

பெண்கள் மரியாதையாகப் பத்து நிமிசம் காத்திருந்தார்கள்.

தொழுதுவிட்டு வந்த வங்கிக் காவலாளி அலியார், மெசின் சும்மா இருக்க வரிசை நிற்பதைக் கண்டு, "என்ன, ஏன் நிக்கிறீங்க?" என்றார்.

"துண்டு எடுக்கப் போனவர் வரட்டுமெண்டு."

விசயத்தைக் கேட்டதும் அலியார் தலையில் கை வைத்தார். "பேங்க் பூட்டி ஒரு மணித்தியாலம். எங்கட ஆள் ஒருத்தரும் வெளியில இல்ல. ஆராவது நம்பர் சொன்னீங்களா?"

அசனா அப்படியே படியில் குந்திவிட்டாள். "கேட்டாரு, சொன்னேன். மகள்ட புள்ளப்பேத்துக்கு வெச்ச காசு இரிக்கி, அல்லாஹ்வே."

"எழும்புங்க. அந்தக் கறுப்புப் பெட்டியில காட்டப் பிரதி எடுத்திருப்பான். இப்பவே நம்பர மாத்தினாப் போதும். பழைய நம்பர வெச்சு அவன் எந்த மெசினில அமத்தினாலும் ஒண்டும் வராது. திங்கக்கிழம வந்து புதுக் காட்டுக்கு எழுதிக் குடுங்க."

எந்தெந்தப் பொத்தான் என்று விரலால் காட்டிய அலியார், நம்பர் போடும் நேரம் வந்ததும் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நானும் பாக்கக் கூடாது. ஒரு கையால மூடிக்கொண்டு மத்தக் கையால அமத்துங்க. உதவி செய்யிறவன் இப்பிடித்தான் நிப்பான். எட்டிப் பாக்கிறவன நம்பாதீங்க."

புது நம்பராக எதைப் போடுவதென்று கேட்க அசனா பின்னால் திரும்பினாள். "புஸ்பம், கொஞ்சம் வாவன். மகன் பொறந்த வருசம்—"

"எனக்குச் சொல்லாதீங்க ராத்தா!" புஸ்பராணி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். அசனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கணக்கில் அவளுடைய மிச்சக் காசு முழுசாக இருந்தது. பிறகு பதினைந்து பேரும் ஒவ்வொருவராகப் போய், சோற்றுக்கு இலையான் மொய்க்காமல் மூடுவதுபோல் கையால் மூடிக்கொண்டு, காசு எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புஸ்பராணியின் புருசன் வேலன் கூரையில் ஏறித் தகரம் அடித்தான். திங்கள் விடியற்காலையில் ஒரு மழை பெய்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. தேத்தண்ணி வேணுமோ என்று அவள் மூன்று தரம் கத்திக் கேட்டாள். காலடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவ்வளவு சந்தோசத்தோடு அவள் வேலைக்குப் போய்க் கனகாலம்.

பண்டகசாலையில் துண்டுக் கதை அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சாக்குத் தூக்குகிற ஆண்கள்கூட அவளைக் கண்டதும் கையை விரித்துக் காட்டிச் சிரித்தார்கள். தங்கத்துரையும் சிரித்துக்கொண்டுதான் வந்தார். கையில் ஒரு புதுக் கொப்பி. பதினாறு பெயர் எழுதி, பக்கத்தில் கோடு போட்டு வெறுமையாக விட்டிருந்தது.

"கொந்தராத்தர் ஐயா கேள்விப்பட்டுச் சரியான கவலை. நீங்க எழுத்து வாசனை இல்லாத ஆக்கள். இண்டைக்குத் தப்பினாலும் நாளைக்கு எவனும் ஏமாத்துவான். காட்டையும் நம்பரையும் ஒபிசில தாங்கோ. மாதம் முடிய நானே எடுத்து உறையில போட்டுத் தாறன், முந்தின மாதிரி."

முந்தின மாதிரி என்றால் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஏலாது ஐயா" என்றாள் புஸ்பராணி.

"என்ன?"

"நம்பர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்."

"அப்ப நான் கள்ளனோ?"

"ஐயோ, ஆர் அப்பிடிச் சொன்னது? என்ர புருசனுக்கே நான் சொல்லேல்ல."

"எனக்கும் ஏலா" என்றாள் அசனா. பின்னால் இன்னும் இரண்டு மூன்று குரல்கள் வந்தன. தங்கத்துரை கோபிக்கவில்லை. கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் வரைக்கும் ஊசிகள் வேகமாக ஓடின. புஸ்பராணிக்கு முதுகு நோகவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை துறைமுக வாசலில் வழக்கம்போல அன்றைய வேலைக்குப் பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் அடையாள அட்டையைக் கொடுத்து உள்ளே போனார்கள். பதினாலு பெயர் வாசித்தபின் தங்கத்துரை தாளை மடித்தார். தன் பெயரையும் அசனாவின் பெயரையும் தவறவிட்டிருப்பாரோ என்று புஸ்பராணி கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கிளாக்கரின் மேசைக்கு முன்னால் பதினாலு பெண்களும் வரிசையில் நிற்பது தெரிந்தது. மேசையில் அந்தக் கொப்பி விரிந்திருக்க, ஒவ்வொருத்தியும் சட்டைக்குள் கைவிட்டு வங்கி அட்டையை எடுத்தாள்.

இங்கே நிற்கக்கூடாது என்று காவலுக்கு நின்றவன் கை காட்டினான். அசனா திரும்பிப் போக மூதூர் லோஞ்ச் பத்து மணிக்குத்தான். இருவரும் இறங்குதுறைச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். கடலில் வெயில் நன்றாக இருந்தது.

"பசிக்குதா புஸ்பம்?"

"இல்ல ராத்தா. இப்பதானே விடிஞ்சது."

"எனக்கும் பசியில்ல. சோத்த ஊட்டுக்குக் கொண்டு போனா ஏன் திரும்பிச்செண்டு கேப்பாங்க."

அசனா சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்து அவிழ்த்தாள். மீன் குழம்பு இன்னும் சூடாக இருந்தது. புஸ்பராணியும் தன்னுடையதை அவிழ்த்தாள். மணி ஏழரை. இருவரும் மத்தியானச் சோற்றைச் சாப்பிடத் தொடங்கினார்கள்.