டைம் கீப்பருக்கு வந்த பிரஷர்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருக்கும் கதிரேசனுக்குத் தன்னைப் பற்றி ஒரே ஒரு பெருமை உண்டு. அவருக்குக் கோபம் வராது. உடுமலை வண்டி தாராபுரம் வண்டியின் இரண்டு நிமிஷத்தைத் தின்றுவிட்டது என்று கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அறிவிப்புக் கூண்டு வாசலில் வந்து நின்றாலும், "ரெண்டு பேரும் மொதல்ல தண்ணி குடிங்க" என்பார். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். பிரஷர் என்பது கத்துகிறவர்களுக்கு வரும் வியாதி என்று அவர் திடமாக நம்பியிருந்தார்.

அதனால்தான், மனைவி அன்புச்செல்வியைத் தைராய்டு பரிசோதனைக்கு அழைத்துப் போன இடத்தில் அவர் அவ்வளவு தாராளமாகக் கையை நீட்டினார். அவளுக்கு ஊசி என்றால் நடுக்கம்.

"இங்க பாரு அம்மணி, இதெல்லாம் ஒரு பயமா? ஏனுங் சிஸ்டர், எனக்கு மொதல்ல பிரஷரப் பாருங்க. இவ பாத்துக்கட்டும்."

நர்ஸ் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். திரும்பவும் அடித்தாள். அப்புறம் மற்ற கையை வாங்கி அதிலும் அடித்தாள். "கொஞ்ச நேரம் பேசாம ஒக்காந்திருங்க சார்" என்றாள். அன்புச்செல்வி ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அமுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது கதிரேசன்.

நூற்று எழுபதுக்கு நூற்றிரண்டு. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரத்தில் கதிரேசன் நான்கு மருந்துக்கடைகளில் பிரஷர் பார்த்தார். ஒன்றில் மெஷின் பழசு என்று முடிவு செய்தார். இன்னொன்றில் காபி குடித்துவிட்டுப் போனதுதான் காரணம் என்றார். மூன்றாவதில் நாற்காலி சரியில்லை. நான்காவது கடையில் நூற்று ஐம்பத்தாறு காட்டியதும் அந்தக் கடைக்காரரைப் போல நேர்மையான மனிதர் ஊரிலேயே கிடையாது என்று வீட்டில் வந்து சொன்னார்.

டாக்டர் சாய்ப்ரியாவுக்குக் கதிரேசனின் மகள் வயதுதான் இருக்கும். இரண்டாம் தடவையும் அளந்து பார்த்துவிட்டு, தினமும் காலையில் ஒரு மாத்திரை என்று எழுதினார்.

"எனக்குத் தலவலி இல்லீங்க, கிறுகிறுப்பு இல்லீங்க. கோவங்கூட வராதுங்க."

"அதுதாங்க சார் இதுல கஷ்டமே. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள மூளை, இதயம், கிட்னின்னு எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டே இருக்கும். உப்பக் கொறைங்க, நடங்க, மாத்திரைய மட்டும் விட்றாதீங்க."

கதிரேசன் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி. ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்று யாரோ சொன்னது அவர் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆரம்பிக்காமலே இருந்துவிட்டால் விட வேண்டிய அவசியமே இல்லையே! இப்படி ஒரு யோசனை தனக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது என்பதில் அவருக்கு அப்போது கொஞ்சம் மிதப்புகூட இருந்தது. காலையில் அன்புச்செல்வி பார்க்கும்படி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்குவார், அண்ணாந்து தண்ணீர் குடிப்பார். மாத்திரை சட்டைப்பைக்குள் இருக்கும். பஸ் ஸ்டாண்டு போனதும் அதை மேஜை டிராயரில் போடுவார்.

மாதம் முடிந்து டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று காலையில் மட்டும் ஒன்றை நிஜமாகவே விழுங்கினார். பரீட்சைக்கு முதல் நாள் படித்தே பாஸாகி வந்தவர், இதிலும் பாஸாகிவிடலாம் என்று நினைத்தார். நூற்று அறுபத்தாறு இருந்தது.

டாக்டரின் முகம் மாறியது. "தினமும் போடுறீங்கதானே?"

"தவறாம போடறனுங்க" என்றார் கதிரேசன். பக்கத்தில் அன்புச்செல்வி, "என்ற கண்ணு முன்னாலதானுங்க முழுங்கறாரு" என்று சாட்சி வேறு சொன்னாள்.

"அப்போ இந்த அளவு பத்தல. இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தர்றேன். இதுக்கும் எறங்கலைன்னா கிட்னிய ஸ்கேன் பண்ணிப் பார்த்திரலாம்."

கிட்னி என்ற சொல் கதிரேசனைப் பிடித்து உலுக்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவரைப் போல ஒழுக்கமான நோயாளி கிடையாது. இரண்டு மாத்திரையும் விழுங்கினார். சோற்றில் உப்பே கூடாது என்றார். சித்திரை வெயிலில் காலை டிபனையும் விட்டுவிட்டு நடந்தார். ஒரு மாசப் பாவத்தை ஒரு வாரத்தில் கழுவிவிடுகிற வேகம்.

ஐந்தாம் நாள், பத்தே முக்கால் மணி. "ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் செல்லும் பயணிகள்..." என்று மைக்கில் சொல்லிக்கொண்டே, வெளியே நுழைகிற வண்டி எதுவென்று பார்க்கச் சட்டென்று எழுந்தார். பஸ் ஸ்டாண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. கண் இருட்டிக்கொண்டு வர, மைக்கைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாராபுரம் வண்டி கண்டக்டர் ஐயாசாமி கூண்டுக்குள் ஓடி வந்தார்.

"ஏனுங்ணா, என்னாச்சுங்ணா? சாஞ்சு படுங்க. மாத்திரை கீத்திரை போடாம உட்டுப்போட்டீங்களா?"

"போட்டதுதான் தப்பாப் போச்சு ஐயாசாமி. போன மாசம் பூரா ஒண்ணுகூட முழுங்கல. டாக்டரம்மாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். அந்தம்மா அத நம்பி ரெண்டாக் குடுத்துப்போட்டாங்க. மாத்திரையெல்லாம் அந்த டிராயர்லதான் கெடக்குது. ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாத சாமி. அன்புக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சுப்போடுவா."

வெளியே வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. பூக்காரம்மாள் கூடையோடு நின்று கூண்டையே பார்த்தாள். டிரைவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. தன் முணுமுணுப்பு ஒலிபெருக்கிகளிலிருந்து திரும்பி வருவதை அப்போதுதான் கதிரேசன் கேட்டார். மைக் அணைக்கப்படவில்லை. கண்டக்டர்கள் தகராறில் ஒரு வார்த்தை மிகையாகப் பேசாதவர், தன் வண்டவாளத்தை உடுமலை பிளாட்பாரம் வரைக்கும் ஒலிபரப்பியிருந்தார்.

அன்புச்செல்வி இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள். அதற்குள் மூன்று பேர் அவளுக்குப் போன் செய்திருந்தார்கள். அவள் திட்டவில்லை. டிராயரைத் திறந்து பார்த்தாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள். வழியெல்லாம் அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கதிரேசனுக்கு.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னத வெச்சுத்தாங்க சார் நான் அளவு எழுதுறேன். போடலைன்னா போடலைன்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார். ஒரு மாத்திரை, நேரத்துக்கு டிபன், அளவான உப்பு, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் மெதுவாக எழுவது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் வணக்கம் சொல்கிற பழக்கமே ஒழிந்துபோனது. "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். புளியம்பட்டியிலிருந்து வருகிற பயணிகள்கூடக் கேட்டார்கள். ஒன்றரை மாதத்தில் நூற்று முப்பத்திரண்டுக்கு எண்பத்து நான்கு வந்தது. "அப்ப இனி நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்டு, டாக்டரிடமும் அன்புச்செல்வியிடமும் ஒரே நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பல்லடம் வண்டி டிரைவர் செங்கோட்டையன் கூண்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். முதலில் மைக்கின் சுவிட்சைப் பார்த்தார்.

"அது அணைஞ்சுதான் இருக்குது, சொல்லுங்க" என்றார் கதிரேசன்.

"எனக்கும் எழுதிக் குடுத்தாங்ணா. மூணு மாசமாச்சு. மொதலாளிக்குத் தெரிஞ்சா வண்டியக் குடுக்க மாட்டாரோன்னு நான் மாத்திரை வாங்கவே இல்லீங்ணா."

கதிரேசனுக்கு அறிவுரை தொண்டை வரைக்கும் வந்தது. மூளை, இதயம், கிட்னி என்று வரிசையாகவே வந்தது. தான் யார் என்று நினைவு வந்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு உங்க டிரிப்பு?"

"எட்டே காலுங்ணா."

"அந்த டிரிப்ப மாத்து டிரைவருக்கு உட்டுப்போடலாம். டாக்டரம்மா ஒம்போது மணிக்கு வருவாங்க. நானும் வாரேன்."

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும் செங்கோட்டையன் துள்ளி எழப் பார்த்தார். கதிரேசன் அவர் தோளை அமுக்கி, "மெதுவா, மெதுவா" என்றார்.