ஏறியவர்கள் எத்தனை பேர்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டேனோ தெரியாது. ஆனால் ஆஷ்கோம்ப் கல்லூரி மண்டபத்தில், அத்தனை பெற்றோர் நடுவே எழுந்து மைக்கைக் கையில் வாங்கியது நான்தான்.

என் மகள் டெலேனி டாக்டராக வேண்டும் என்கிறாள். அதற்கு முதலில் நாலு வருடம் ஒரு பட்டப் படிப்பு, அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி, அது இன்னும் நாலு வருடம். அந்த முதல் நாலு வருடத்துக்கு அவளுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று, ஒஹையோவில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய மாநிலப் பல்கலைக்கழகம். படிப்புக்குச் சல்லிக்காசு கட்ட வேண்டாம். இன்னொன்று வெர்மான்ட் மலையில் இருக்கிற ஆஷ்கோம்ப். உதவித்தொகை போக வருடத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். அவள் அப்பாவுக்கு நிலக்கரி இழுக்கும் படகில் வேலை, இருபத்தெட்டு நாள் ஆற்றில், பதினாலு நாள் வீட்டில். "நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுங்க" என்று போனில் சொல்லிவிட்டார், மகராசன். மே முதல் தேதிக்குள் ஒன்றுக்குச் சரி என்றும் இன்னொன்றுக்கு வேண்டாம் என்றும் சொல்லியாக வேண்டும்.

ஏப்ரலில் ஆஷ்கோம்பிலிருந்து, இடம் கிடைத்த பிள்ளைகள் இரண்டு நாள் வந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டார்கள். பதினாலு மணி நேரம் காரோட்டிப் போனோம்.

முதல் நாள் டெலேனியை ஒரு உயிரியல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுக்கு மேல் அவள் என் கையைப் பிடித்ததே இல்லை.

"மொத்தமே பன்னெண்டு பேர்தாம்மா. எல்லாருக்கும் ஒரே மேசை. ஒரு தண்ணிப் பூச்சியோட இதயத்தை மைக்ராஸ்கோப்ல காட்டினாங்க. குளிர்ந்த தண்ணியில அது ஏன் மெதுவா துடிக்குது, நீ என்ன நினைக்கிறேன்னு அந்த ப்ரொபசர் என்னைக் கேட்டாங்க. நான் முழிச்சேன். அவங்க அப்படியே காத்துக்கிட்டு இருந்தாங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

எங்கள் ஊர்ப் பள்ளியில் அவள் யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மாநிலப் பல்கலையில் முதல் வருட வேதியியலுக்கு நானூறு பேர். அதையும் போய்ப் பார்த்திருந்தோம். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ஆசிரியர் தலை எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் தெரிந்தது.

ஆஷ்கோம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டு முடித்ததும் டெலேனி தட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கழுவும் இடத்துக்குப் போனாள். யாரும் வழி சொல்லவில்லை. நாலைந்து பிள்ளைகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு, வருடக்கணக்காக அங்கேயே இருந்தவள் மாதிரி போனாள். என் வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து வயிறெரிந்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மண்டபத்தில் கல்லூரி அதிகாரி ஒருவர் பேசினார். "எங்க பிள்ளைங்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிச்சா, நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு இடம் கிடைக்குது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டெலேனியும் தட்டினாள்.

பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஒரு வியாதி உண்டு. ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வண்டியை நகர்த்த மாட்டேன். எழுந்து மைக்கை வாங்கினேன்.

"இறங்கினவங்களைத்தான் சொல்றீங்க. ஏறினவங்க எத்தனை பேரு? முதல் வருஷம் டாக்டராகணும்னு உள்ள வர்றது எத்தனை?"

அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. அதை நாம தனியா பேசலாம்" என்று அடுத்த ஆளைக் கைகாட்டினார். டெலேனி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டிய கடைசி வருடப் பெண் மரிசோல் கார் நிறுத்தும் இடம் வரை கூடவே வந்தாள்.

"அவரு சொல்ல மாட்டாரு மேடம். எங்க செட்ல டாக்டராகணும்னு நூத்து நாப்பது பேர் வந்தோம். விண்ணப்பிக்கணும்னா காலேஜ் கமிட்டி ஒரு சிபாரிசுக் கடிதம் தரணும். மார்க் கொஞ்சம் குறைஞ்சா தர மாட்டாங்க. அந்தக் கடிதம் இல்லாம அனுப்பினா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. கடைசியில விண்ணப்பிச்சது நாப்பது பேர்தான். அதுலதான் அந்தத் தொண்ணூத்தஞ்சு சதவீதம்."

"உனக்கு?" என்று டெலேனி கேட்டாள்.

"எனக்குத் தரலை. ஆனா இந்த இடத்து மேல எனக்கு வெறுப்பு வரலை. அதான் கஷ்டமா இருக்கு."

திரும்பி வரும் வழியில், ஈரி என்கிற ஊரைத் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தினபோது டெலேனி கேட்டாள்.

"அந்தக் கேள்வியை எனக்காகவா கேட்ட?"

"பின்ன யாருக்காக?"

"பொய் சொல்லாதம்மா."

உள்ளதைச் சொன்னேன். "நீ போகக் கூடாதுன்னு இருந்துச்சுடி. அந்த ஆளு பேச்சுல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா இருந்துச்சு."

"தெரியும்."

"போறதுன்னா போ. கடன் வாங்கிக்கலாம். நான் கூடுதலா ஒரு வழித்தடம் ஓட்டறேன்."

"மார்க் குறைஞ்சா கடிதமும் இருக்காது. கடன் மட்டும் இருக்கும். கடிதம் கிடைச்சாலும் அதுக்கு மேல மருத்துவக் கல்லூரி நாலு வருஷக் கடன். நம்ம ஊர்ப் பக்கத்து யுனிவர்சிட்டியில யாரு வேணா விண்ணப்பிக்கலாமாம், கடிதம் எழுதிக் கொடுத்துடறாங்களாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேள்வி சரிதாம்மா. அதான் ஆத்திரமா வருது. தப்பாக் கேட்டிருந்தா உன்னைத் திட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

ஏப்ரல் முப்பதாம் தேதி, பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. மாநிலப் பல்கலைக்குச் சரி என்று அனுப்பியிருந்தாள். ஆஷ்கோம்ப் பக்கம் அப்படியே இருந்தது.

"இதை நீயே பண்ணிடும்மா. எனக்குக் கை வரலை."

'இடம் வேண்டாம்' என்று இருந்ததை அழுத்தினேன். அத்தோடு விட்டார்களா? காரணம் கேட்டார்கள். செலவு, தூரம், பாடத்திட்டம், வேறு. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"செலவுன்னு போடு. அப்படிப் போட்டா யாருக்கும் மனசு கஷ்டமிருக்காது" என்று சொல்லிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவ இருந்தது ஒரே ஒரு கோப்பை.

நான் 'வேறு' என்பதை அழுத்தினேன். எழுதுவதற்கு ஒரு கட்டம் திறந்தது. இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்.

'இவளுக்கு அங்கே வரத்தான் ஆசை. அனுப்ப மனசு வராதது எனக்கு.'

அனுப்பினேன். அது பாட்டுக்குப் போய்விட்டது.

"போட்டாச்சா?" என்றாள் திரும்பாமலே.

"போட்டாச்சு."

"செலவுன்னுதானே?"

"ஆமா" என்றேன்.