சோதனைக் குழாயில் பால்

அங்கப்பனின் ரத்தம் பால் போல இருந்தது.

கணபதி பகுதியில், டாக்டர் வீட்டுக்கு எதிரே உள்ள லேப். அங்கே ரத்தம் எடுக்கும் பெண் மிஸ்பா சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். இயந்திரத்தில் சுற்றி எடுத்த குழாய். அடியில் சிவப்பு தங்கியிருந்தது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீரைக் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக, கெட்டியாக என்னவோ நின்றது.

"அத்தனையும் கொழுப்புங்க ஐயா. சாப்ட்டுட்டு வந்துட்டீங்க."

"சத்தியமா இல்லீங்க அம்மணி. நேத்து ஏழு மணிக்கு ரெண்டு ராகி தோசை. அப்பறம் பச்சத்தண்ணிதான்."

பக்கத்தில் நின்ற மனைவி மாரியாத்தாள் வாயைத் திறக்கவில்லை. அங்கப்பன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். திட்டினால் தாங்கிக்கொள்வார். முப்பது வருடத்தில் அவள் பேசாமல் இருந்த நாட்களைத்தான் தாங்கியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இதே லேபில் ட்ரைகிளிசரைடு ஐந்நூற்று நாற்பது. இப்படியே ஏறினால் கணையம் வீங்கிவிடும் என்றார் டாக்டர். அன்றைக்கே மாரியாத்தாள் தாளிப்பை நிறுத்தினாள். கொள்ளு, கீரை, வேகவைத்த சுரைக்காய். அவருக்கு என்னவோ அதுவே அவளுக்கும். எண்ணெய் மில்லில் வேலை பார்ப்பவர் வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தமே கேட்பதில்லை என்று காங்கேயத்தில் தெருவே சிரித்தது.

"ஏனுங்க, பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடைங்களா?" என்றாள் கடைசியில்.

"அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்கல புள்ள."

"அப்ப ரத்தம் பொய் சொல்லுதுங்களா?"

மிஸ்பா குறுக்கே வந்தாள். "காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க ஐயா."

"நாலு மணிக்கு மில்லு. ஆறரைக்குப் பஸ்ஸு. நடுவுல செக்குல கடலை ஒம்பது ஈடு ஆட்டி எறக்குனோம். ருசி பாத்துபோட்டுக் கெளம்பிட்டேன்."

"என்ன ருசி?"

"எண்ணெதானுங்க. ஈட்டுக்கு ஒரு கரண்டி. கசக்குதா, சிக்கு வாடை அடிக்குதான்னு நாக்குக்குத்தான தெரியும்?"

"துப்பிருவீங்கல்ல?"

அங்கப்பன் பதறிப்போனார். "மகாலட்சுமியத் துப்பலாமுங்களா? மொதலாளியே துப்ப மாட்டாரு."

"அப்ப ஒம்பது கரண்டியும் உள்ள போயிருச்சு."

"அது சாப்பாடு இல்லீங்களே. வேலைங்க."

மிஸ்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு அவருக்குப் புரிகிறபடி சொன்னாள். எண்ணெய் தண்ணீரில் கலக்காது. குடலில் பித்தநீர் அதைப் பொடிப்பொடித் துளியாக உடைக்கிறது. குடல் அதை உறிஞ்சிப் பொட்டலம் கட்டி, நிணநீர்க் குழாய் வழியாக ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது.

"டேங்கர் லாரி மாதிரிங்க. சதைக்குக் கொஞ்சம், தொப்பைக்குக் கொஞ்சம்னு போற வழியில எறக்கிட்டே போகும். மிச்சம் கல்லீரலுக்கு. நாலு மணிக்கு ஏத்துன லோடு ஒம்பது மணிக்கு நடு ரோட்டுல நிக்குதுங்க. அதான் வெள்ளை."

"ரோடு காலியாக எத்தன நேரம்?"

"பன்னெண்டு மணி நேரம் விடணும். உங்களுக்கு மெதுவாத்தான் எறங்குது. தெனமும் ஒம்பது கரண்டின்னா எப்படிங்க குறையும்?"

மாரியாத்தாள் முழுதாக நம்பவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அங்கப்பன் சுண்டுவிரலால் ஒரு பொட்டு தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். மில்லில் கேலி செய்தார்கள். கசப்பு அதிலேயும் தெரியத்தான் செய்தது.

சோதனை நாளன்று மில்லுக்கு லீவு. மாரியாத்தாள் விடிந்ததிலிருந்து எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அவர் கொட்டாவி விட்டபோதுகூட எட்டிப் பார்த்தாள்.

இந்த முறை குழாயின் மேல்பாதி வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது. பின்னால் மாட்டியிருந்த காலண்டரின் தேதியை அதன் வழியே படிக்கலாம். சீட்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு.

மாரியாத்தாள் குழாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? போன மாசம் மேட்டுப்பாளையம் கல்யாணத்துக்குத் தனியாப் போனேனுங்கல்ல. அங்க நெய்த் தோசை தின்னுபோட்டேன்."

"எத்தன?"

"மூணு."

அங்கப்பன் அவளையே பார்த்தார்.

"நாலுங்க. போண்டாவச் சேக்கல."

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மிஸ்பா புது ஊசியைப் பிரித்தாள். "காலைல ஏதாச்சும் சாப்ட்டீங்களாம்மா?"

"இவரு பட்டினி கெடக்கறப்ப நா எப்படி அம்மணி திங்கறது?"

"அப்ப உக்காருங்க. கைய நீட்டுங்க."