சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

சுண்ணாம்புத் தோட்டம் என்று லோகேஸ்வரி போனில் தட்டினால் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வந்தது, சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு வந்தது, தமிழ்நாட்டில் யாரோ விலைக்கு வைத்திருக்கும் தென்னந்தோப்புகூட வந்தது. மலேசியாவில் லிங்கிக்குப் பக்கத்தில் இருபத்திமூன்று வீடும் ஒரு மாரியம்மன் கோயிலுமாக இருக்கிற தோட்டம் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. அவளுடைய அம்மா குமுதவல்லி தரையில் தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். செண்டாயான் தொழிற்சாலையில் ஆறு நாள் பெட்டி கட்டுகிறவளுக்கு இந்த ஒரு நாள்தான் உட்கார்ந்து செய்யும் வேலை வாய்க்கும்.

"என்னாலா, நம்ம தோட்டம் ஒலகத்துலயே இல்லியாமா?"

"இருக்கும்மா. நம்ம கூப்புடுற பேர்ல இல்ல. சிக்கு சொன்னாங்க, தேடுறப்ப நம்ம வாயில வர்ற வார்த்தைய போடக்கூடாதாம். அத எழுதி வெச்சவன் என்னா வார்த்தை போட்டிருப்பான்னு யோசிச்சுப் போடணுமாம்."

சிக்கு என்றால் ஆசிரியர்; அவருடைய மூன்றாம் படிவத்துச் சரித்திரப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் தம் இருப்பிடத்தின் கதையை எழுத வேண்டும். பொண்ணு கெட்டிக்காரி. அப்பாவின் சம்பளச் சீட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, அதன் தலையில் அச்சடித்திருந்த ஆர்ட்வேல், மூன்றாவது டிவிஷன் என்ற பெயரை எழுத்து மாறாமல் அடித்தாள். இந்தப் பெயரைத் தோட்டத்தில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. முதல் துரை லயத்து வரிசை வீடு முழுக்க வெள்ளையடித்து வைத்ததால் இது சுண்ணாம்புத் தோட்டம், அவ்வளவுதான். முதலில் சீமையில் ஏதோ ஊர் வந்தது. பெயரின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டாள், நாற்பதாகக் குறைந்தது. லிங்கி என்று சேர்த்தாள், ஆறு. பி.டி.எப். மட்டும் போதும் என்றாள். ஒன்றே ஒன்று நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் மலாய்.

"பாத்தியா, வந்துருச்சு!" குமுதவல்லிக்கு உண்மையிலேயே பெருமை தாங்கவில்லை. "நம்ம தோட்டத்தப்பத்தி இவ்ளோ எழுதியிருக்கானுங்களா!"

லோகேஸ்வரியின் விரல் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனது. பிறகு ஓர் இடத்தில் நின்றது. "அம்மா, இங்க வாங்களேன்" என்றாள், ஏதோ தான் தப்புச் செய்துவிட்ட குரலில்.

திரையில் ஒரு வரைபடம். கோயில் மரத்தையும் கிணற்று வளைவையும் வைத்துத் தன் வீட்டைக் குமுதவல்லி கண்டுபிடித்தாள். இருபத்திமூன்று வீடும் ஒரே சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தன. கட்டத்தின் மேல் தொழிற்சாலை மனை, இரண்டாம் கட்டம் என்று எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில்: குடியிருப்பு, அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் காலி செய்யப்படும். குமுதவல்லி ஜன்னல் வழியே பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் சிவப்பு மண்டை வைத்த முளைக்குச்சி ஒன்று நின்றது. தார் ரோடு போட அளக்கிறோம் என்று சொல்லி அளவுக்காரர்கள் அடித்துவிட்டுப் போனது. சும்மாதானே நிற்கிறது என்று அவள்தான் அதில் துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தாள்.

"இன்னும் இருக்கும்மா" என்றாள் மகள்.

இணைப்புப் பக்கம். குடியிருப்போர் அனைவரிடமும் கலந்து பேசப்பட்டது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதன் கீழே பெயர்ப்பட்டியல், இருபத்திமூன்று கையெழுத்து. முதல் பெயர் குமுதவல்லி. பக்கத்தில் ஒரு புகைப்படம்: பிரியாணிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாளே, அவளேதான்.

அடப் பாவி! ஹேமநாதன் என்று பெயர், சில மாதத்துக்கு முன் பிக்கப் வண்டியில் வந்தான், நெற்றியில் விபூதிகூட இருந்தது. "அக்கா, ஒங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்கா, ரோடு, லைட்டு எல்லாம் கொண்டாந்துரலாம்" என்றான். அந்த ஓர் அக்காவில் இவள் உருகிப் போனாள். வீடு வீடாகப் போய் ஆளைக் கூட்டியது இவள். பாய் விரித்தது இவள். தான் கொண்டுவந்த சாப்பாட்டுக்கு ஆள் எண்ணிக்கை வேண்டும் என்று அவன் தாளை நீட்டியபோது, தலைப்பில் நாலு வரி மலாய் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவளா? ஐந்தாம் படிவம் வரை படித்தவள். பிரியாணி ஆறுகிறது, பிள்ளைகள் காத்திருக்கின்றன, யார் அதைப் படிப்பார்? தோட்டத்தில் கல்யாணமோ காரியமோ, வராதவன் பங்கையும் எடுத்து வைத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். பொட்டலம் வேண்டுமென்றால் பெயருக்கு நேரே கையெழுத்து வேண்டும் என்றான் அவன். அன்றைக்கு ஏழு வீட்டார் இல்லை. அந்த ஏழு கையெழுத்தையும் இவளே போட்டாள்.

இப்போது திரையில் அந்த ஏழும் நன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் கொஞ்சம் சாய்த்தும் நிமிர்த்தியும் போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே கை.

"பொய்யா இருக்கும்லா. நெட்டுல வர்றது எல்லாம் உண்மையா?"

"அதையும் சிக்கு சொல்லிக் குடுத்தாங்கம்மா. யாரு எழுதுனது, எப்ப எழுதுனது, வேற எடத்துலயும் அதே இருக்கான்னு பாக்கணும்." பார்த்தாள். அரசாங்க அறிவிப்புப் பக்கத்தில் அதே எண், அதே வரைபடம். கூடுதலாக ஒரு வரி: எழுத்து மூலமான ஆட்சேபம் இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணி வரை ஏற்கப்படும். இன்று இருபத்தைந்து.

உள்ளறையில் படுத்திருந்த புருஷன் கணேசமூர்த்தியைக் குமுதவல்லி எழுப்பினாள். பதினெட்டு வருஷமாகச் செம்பனைக் குலை வெட்டுகிற மனுஷன், கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பும். மகள் காட்டியதை முழுக்கப் பார்த்தான். ஹேமநாதனை வைவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழுந்து போய் முன்கதவைச் சாத்தினான்.

"மெதுவா பேசு. நீ ஏழு பேருக்குப் போட்டத யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. இந்த லயத்துல நம்மள உயிரோட வுட மாட்டாங்க."

"சொல்லலன்னா எல்லாரும் மார்ச்சுல ரோட்டுல நிப்போம்ங்க."

அவன் சுவரைப் பார்த்தான். "எப்படியும் நிப்போம். அப்ப ஒன்னாலன்னு இருக்க வேணாம்" என்றான். புருஷன் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட, அவன் சொன்னது ஒரு நொடி இதமாக இருந்ததே, அதுதான் அவளைச் சுட்டது.

லோகேஸ்வரி அதற்குள் ஆட்சேபக் கடிதம் எப்படி எழுதுவது என்று தேடி, நோட்டுப் புத்தகத்தில் மலாயில் எழுதிவிட்டாள். கீழே இருபத்திமூன்று கோடு. "அவங்கவங்களே கையெழுத்து போடணும்மா. அடையாளக் கார்டு ஐசில உள்ள மாதிரி. ஒரே கைன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் தள்ளிருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஏழு பேரும் நாங்க அன்னைக்குப் போடலன்னு எழுதுனாதான் அந்த லிஸ்டு பொய்னு ஆகும்" என்றாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நெத்திலி ஈ மொய்க்கக் கிடந்தது. குமுதவல்லி கையைக் கழுவினாள். இரண்டு தரம் சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். லயத்து வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "என்னா குமுதா, மறுபடியும் பிரியாணியா?" என்று யாரோ கூப்பிட, ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

கடைசி வீட்டு ராக்கம்மாவிடம் முதலில் போவது என்று முடிவு செய்திருந்தாள். அன்றைக்கு ராக்கம்மா சிரம்பானில் டயாலிஸிஸுக்குப் போயிருந்தாள். பொட்டலத்தைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தபோது, "நீ நல்லா இருக்கணும்" என்று இவள் கையைப் பிடித்துக் கண்கலங்கியவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இந்த வீடு ஒன்றுதான்.

ராக்கம்மா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

"வா குமுதா. என்னா கையில நோட்டு?"

"அக்கா, ஒரு கையெழுத்து வேணும். அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும்."

"சொல்றது என்னாலா சொல்றது. நீ கொண்டாந்தா நல்லதுக்குத்தான் இருக்கும்." பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் ராக்கம்மா சொன்னாள். "கையெல்லாம் கஞ்சி. நீயே போட்டுரு, அன்னைக்குப் பொட்டலத்துக்கு எனக்கும் நீதான போட்டிருப்ப, அந்த மாதிரி."

கஞ்சி சொட்டுச் சொட்டாக வடிந்தது. பேனா மூடியைக் கழற்றியபடி குமுதவல்லி நின்றாள். திறந்திருந்த பின்கதவுக்கு வெளியே, ராக்கம்மாவின் வாழைக்கன்றை ஒட்டி, சிவப்பு மண்டை வைத்த முளைக்குச்சி ஒன்று நின்றது. மாடு முட்டாமல் இருக்க அந்தக் குச்சியைச் சுற்றி ராக்கம்மா அழகாக வேலி கட்டியிருந்தாள்.