எதிர்த்தரப்பு வீட்டுக்காரி

தன் கட்சிக்காரர்கள் என்னதான் தொழில் செய்கிறார்கள் என்பதே வக்கீலுக்கு முதலில் சரியாகப் புரியவில்லை. ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாத ஒரு பிரம்மாண்டக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன. அவை சூடாகாமல் இருக்க ராப்பகலாக ஏசி ஓடும். ஊரே சேர்ந்து இழுக்கும் கரண்டை அது ஒன்றே இழுத்துவிடும். அதற்குப் புதிதாக மின்பாதை போட வேண்டும். அந்தச் செலவை எல்லார் பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிடலாம் என்று மின்வாரியம் யோசனை சொன்னது. கம்பெனிக்குக் கசக்குமா? கட்டண ஆணையத்தின் முன் அதை ஆதரித்துப் பேசத்தான் வக்கீலை அமர்த்தியிருந்தார்கள்.

அவர் மனைவி கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தாள். வழக்கைப் பற்றி ஒரே ஒரு முறை அவளிடம் வாயைத் திறந்தார்.

"ஒரு வீட்டுக்கு மாசம் ஒரு டீ காசுதான் கூடும்."

"யாரு வாங்கித் தர்ற டீ?" என்றாள்.

விசாரணை நாளன்று நகர மன்றத்தில் உட்கார இடமில்லை. வக்கீல் பிரமாதமாகப் பேசினார். வேலைவாய்ப்பு, வளர்ச்சி, வருங்காலம் என்று அடுக்கினார். கம்பெனி மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார். ஆணையத் தலைவியான அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "கடைத்தெரு வியாபாரிகள் சார்பா யாரு?" என்றார்.

பேசவேண்டிய பேக்கரிக்காரர் எழுந்து தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். காலையிலிருந்து குரல் போயிருந்தது. அவருக்குப் பின்னாலிருந்து, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வக்கீலின் மனைவி எழுந்தாள்.

வக்கீல் அவசரமாக எழுந்தார். "அம்மா... ஒரு விஷயம் சொல்லிடணும். இவங்க என் மனைவி."

மன்றமே நிமிர்ந்து உட்கார்ந்தது. "இது ஆட்சேபணையா, அறிமுகமா?" என்றார் தலைவி.

"அறிமுகம்தாங்க."

"அப்ப அவங்க பேசட்டும்."

அவள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். "ஒரு பள்ளிக்கூடத்துக்கே யூனிஃபார்ம் தைக்கணும்னு பெரிய ஆர்டர் வருதுன்னு வைங்க. அதுக்குப் புது மெஷின் வேணும். அந்தச் செலவை ஜிப் மாத்த வர்ற அக்கா தலையில கட்டினா, அவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

கைதட்டல் அடங்கியதும் வக்கீல் எழுந்தார். "கம்பெனி வந்தா ஊருக்கு நல்லதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்றதில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வரட்டும், வக்கீல் சார். யாரு வேண்டாங்கறா? ஆனா வேற ஊர்ல கரண்ட் சல்லிசுன்னு மூட்டையைக் கட்டிட்டாங்கன்னா, மின்பாதைச் செலவுல மிச்சத்தை யாரு கட்டுறது? இதே கேள்வியை பாத்ரூம் கண்ணாடி முன்னால நீங்களே கேட்டுட்டு, பதில் வராம தலையைச் சொறிஞ்சீங்களே!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. "இது பதிவுல வேண்டாமே," என்று கெஞ்சினார் வக்கீல்.

"எழுதிட்டேன் சார்," என்றார் குறிப்பெடுப்பவர்.

வக்கீல் இடைவேளை கேட்டார். தாழ்வாரத்தில் மேனேஜர் சீறினார்: "உங்க வீட்டம்மாவை உங்களால அடக்க முடியலையா?"

அதுவரை வெட்கத்தில் குன்றிப்போயிருந்த வக்கீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவளை விடுங்க. கேட்டதுக்குப் பதில் என்ன? போகமாட்டீங்கன்னா எழுதிக் கொடுக்க என்ன பயம்?"

மேனேஜர் செல்போனை நோண்டினார்.

"இங்க பாருங்க," என்று குரலைத் தணித்தார் வக்கீல். "அந்த அம்மா எப்படியும் இதைத்தான் உத்தரவா போடப் போறாங்க. நாமளா முன்வந்தா நல்ல பேராவது மிஞ்சும்."

மேனேஜர் தலைமை அலுவலகத்தோடு நடந்து நடந்து பேசினார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. ஆனால் சம்மதம் கிடைத்திருந்தது. மின்பாதைச் செலவு கம்பெனியுடையது. நடுவில் கடையைக் கட்டினாலும் ஒப்பந்தக் காலம் முழுக்கக் குறைந்தபட்சக் கட்டணம் கட்டியாக வேண்டும். தலைவி அதோடு விடவில்லை. இனி எந்தப் பெரிய ஆலை வந்தாலும் இதே விதிதான், அதன் சுமை வீட்டு பில்லில் ஏறக்கூடாது என்று உத்தரவிட்டார். கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே கட்டடத்தைக் கட்டி முடித்தது. வக்கீலை மட்டும் மறுபடி கூப்பிடவில்லை.

கொஞ்ச நாள் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் வியாபாரிகள் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் ஊருக்கும் அப்படியொரு கட்டடம் வருகிறதாம். வக்கீல் சட்டையை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, கம்பீரமாக உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், அம்மா இருக்காங்களா?"

வக்கீல் உள்பக்கம் திரும்பி, "உன்னைத்தாம்மா கேக்கறாங்க!" என்று குரல் கொடுத்தார். பிறகு நல்ல நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு, பேனாவைத் திறந்தபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.